ஒன்பதில் நின்ற வரி

குடிநீர்த் துறையின் இடமாற்றப் பிரிவில் அவளுக்கு நம்பரம்மா என்று பெயர். பணிப்பதிவேட்டில் வேறொரு பெயர் இருந்தது. அதை யாரும் பிரித்துப் படித்ததாகத் தெரியவில்லை. தொலைதூர அணைகளிலும் நீரேற்று நிலையங்களிலும் வேலை பார்க்கிறவர்கள் சொந்த ஊருக்குத் திரும்ப மனுப் போட்டுவிட்டு வருஷக்கணக்கில் காத்திருப்பார்கள். காத்திருப்போர் பட்டியலில் தங்களுக்கு எத்தனையாவது இடம் என்று கேட்டு அலுவலகத்துக்குப் போன் செய்வார்கள். எடுத்துப் பதில் சொல்வது அவள் வேலை. "பதினாலு, சார்" என்பாள். "இருபத்தொண்ணு, மேடம்" என்பாள். அவ்வளவுதான். அடுத்த மாதம் நகர்ந்துவிடும் என்று ஆசை காட்ட மாட்டாள், பொறுங்கள் என்று ஆறுதல் சொல்லவும் மாட்டாள். நம்பரைக் கேட்டவர்களுக்கு நம்பரைக் கொடுப்பாள்.

இருபத்து மூன்று வயதில் தட்டச்சு செய்பவளாக அந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தவள் அவள். இப்போது நாற்பத்தொன்பது. இடையில் கல்யாணம் ஆகி, ஒரு பெண் பிறந்து, அந்தப் பெண்ணுக்கும் போன வருஷம் கல்யாணம் ஆகிவிட்டது. அவளைப் பற்றி அலுவலகத்தில் யாரைக் கேட்டாலும் நல்ல மாதிரியாகத்தான் சொல்வார்கள், ஆனால் சொல்வதற்கு அதிகமாக ஒன்றும் இருக்காது. எனக்கு இது வேண்டும் என்று அவள் வாய் திறந்து கேட்டதே கிடையாது. கடைக்காரர் கம்பி வளைந்த குடையைக் கொடுத்தால் அதையே வாங்கிக்கொண்டு வந்துவிடுவாள். பேருந்தில் பக்கத்து இருக்கையில் யாரோ பையை வைத்திருந்தால், எடுங்கள் என்று சொல்ல மனம் வராமல் இறங்கும் இடம் வரை நின்றுகொண்டே போவாள். இதை நல்ல குணம் என்று அவள் அம்மா சொல்லி வளர்த்தார். நல்ல குணம்தானா என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

பிரிவு என்றால் பெரிய இடம் என்று நினைக்க வேண்டாம். முதல் மாடியில் ஓர் அறை. சுவரோரம் இரும்பு அலமாரிகள், எதிரெதிராக இரண்டு மேசைகள். ஒன்றில் அவள், மற்றதில் பிரிவு அதிகாரி. இரண்டு மேசைக்கும் நடுவில் ஒரே ஒரு தொலைபேசி. மணி அடித்தால் அவள் எடுப்பாள், அவசியமென்றால் அவர் பக்கம் நகர்த்துவாள். அதிகாரி அதிகம் பேசாத மனிதர். எட்டு வருஷமாக எதிரே உட்கார்ந்திருந்தும் இருவரும் ஒருவரை ஒருவர் கேட்ட சொந்தக் கேள்விகளை ஒரு கை விரலுக்குள் எண்ணிவிடலாம்.

பட்டியல் ரொம்ப காலம் ஒரு தடித்த பதிவேட்டில் இருந்தது. இரண்டு வருஷம் இரண்டு மாதத்துக்கு முன்னால் அது மெஷினுக்குள் போயிற்று. மூன்றாம் மாடியில் கணினிகளைக் கவனித்துக்கொள்பவர், அவள் வயதுதான் இருக்கும், மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு ஒரு பெட்டியையும் திரையையும் தூக்கி வந்து அவள் மேசையில் வைத்தார். படமோ பொத்தானோ எதுவும் இல்லாத கறுப்புத் திரை. நடுவே ஒரு சின்னக் கோடு விட்டு விட்டு மினுங்கியது. பழைய மெஷினுக்கு இதுதான் தாங்கும், பார்க்க முரடாக இருந்தாலும் வேகமாக ஓடும் என்று அவர் சமாதானம் சொன்னார். அவள் ஒன்றும் குறை சொல்லவில்லையே, அவராகவேதான் சொன்னார்.

பழக்கிக் கொடுக்க அவருக்குப் பத்து நிமிஷம் போதுமாக இருந்தது. கோடு மினுங்கும் இடத்தில் ஐந்தெழுத்துச் சொல் ஒன்றை அடித்து என்டரைத் தட்ட வேண்டும். உடனே இடப்பக்கம் பட்டியல்களின் பெயர்கள் வரிசையாக வரும். கீழ் அம்புக்குறியால் காத்திருப்போர் பட்டியலுக்குப் போய், ஒரு சாய்கோட்டைத் தட்டி, ஊழியரின் எண்ணை அடித்தால் அந்த ஆளின் வரி மட்டும் வந்து நிற்கும். மறுபடி என்டர். வரி மஞ்சளாக மாறித் திறந்துகொள்ளும். பெயர், சேர்ந்த தேதி, இருக்கும் ஊர், கேட்கும் ஊர், கடைசியில் நம்பர். அவள் எல்லாவற்றையும் ஓர் அட்டையில் தன் மணிமணியான கையெழுத்தில் எழுதிக்கொண்டாள். வெளியே வருவது எப்படி என்று அவர் தொடங்கும்போது தொலைபேசி அடித்தது. மூன்றாம் மாடியில் எதுவோ புகைகிறதாம். இதோ வந்துவிடுகிறேன் என்று ஓடினவர் வரவேயில்லை. அட்டையில் உள்ளே போகும் வழி மட்டும் இருந்தது.

அவர் வராவிட்டாலும் பாதகமில்லை. வெளியே வர எந்தெந்த விசையைத் தட்ட வேண்டும் என்பது திரையின் அடிவரியிலேயே சின்ன எழுத்தில் எப்போதும் இருந்தது. ஆனால் மெஷின் வந்த மறுநாளே சொத்துக் கணக்கெடுப்பவர்கள் வந்தார்கள். துறையின் ஒவ்வொரு பொருளிலும் கண்ணில் படும்படி எண் ஒட்ட வேண்டும் என்பது அவர்கள் சட்டம். திரையின் விளிம்பு மெல்லியதாக இருந்ததால் பட்டைத் தாளைக் கண்ணாடியின் அடியிலேயே, இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை, நன்றாகத் தேய்த்து ஒட்டிவிட்டுப் போனார்கள். கிழித்தால் நடவடிக்கை என்று அதிலேயே அச்சிட்டிருந்தது. நம்பரம்மா கிழிக்கிற ஜாதியா என்ன? அதன் கீழே ஒரு வரி இருக்கிறது என்பதே அவளுக்குத் தெரியாது.

ஆகவே சாயங்காலம் ஐந்தரைக்கு அவள் திரையை மட்டும் அணைப்பாள். மேசைக்கடியில் இருந்த பெட்டியை யாரும் அணைக்கக் கூடாது என்று வேறொரு தாள் ஒட்டியிருந்தது. காலையில் வந்து திரையைப் போட்டால் நேற்று விட்ட இடத்திலேயே பட்டியல் நிற்கும். அவளுக்கு அது வசதியாகக்கூட இருந்தது. உள்ளே போனால் வெளியே வர வேண்டும் என்ற எண்ணமே அவளுக்கு எழவில்லை. அது வெறும் பார்க்கிற சாமான்தானே. அவளுக்குக் கொடுத்திருந்த அனுமதியும் பார்ப்பதற்கு மட்டும்தான். ஓர் எழுத்தைக்கூட மாற்ற முடியாது. அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. எதையும் தொடாதவளை யார் என்ன குற்றம் சொல்ல முடியும்?

அவள் கணவரும் அதே துறைதான். பேருந்தில் ஒன்பது மணி நேரப் பயணத்தில் இருக்கும் நாலாம் அணையில் மதகுக் கதவுகளை ஏற்றி இறக்கும் வேலை. அங்கே மாற்றல் போட்டபோது ஒரு வருஷம்தான் என்றார்கள். பதினோரு வருஷம் ஓடிவிட்டது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நாலு நாள் வருவார். மூன்றாவது நாள்தான் வீட்டில் எந்த விளக்குக்கு எந்த சுவிட்ச் என்று அவருக்கு நினைவு வரும், நாலாவது நாள் கிளம்பிவிடுவார். பெண்ணின் கல்யாணத்துக்குப் பன்னிரண்டு நாள் விடுப்புக் கிடைத்ததை இரண்டு பேரும் இன்றைக்கும் பெரிய விஷயமாகச் சொல்வார்கள். ஊரில் இருக்கும் நீரேற்று நிலையத்துக்கு மாற்றல் கேட்டு அவர் போட்ட மனுவும் பட்டியலில்தான் இருந்தது. பதிவேட்டுக் காலத்தில் நாற்பதிலிருந்து ஒவ்வொன்றாக இறங்கி ஒன்பதுக்கு வந்தது. மெஷின் வந்தபோது ஒன்பது. இரண்டு வருஷம் இரண்டு மாதம் கழித்தும் ஒன்பது.

ஊருக்கெல்லாம் நம்பர் சொல்கிறவள் இதைக் கவனிக்காமல் இருப்பாளா? முதல் வருஷமே கவனித்துவிட்டாள். பன்னிரண்டு என்று அவள் வாயால் கேட்டுக்கொண்ட ஒரு காவலாளி இப்போது நாலுக்கு வந்துவிட்டார். உடம்பு முடியாதவர்களுக்கு முன்னுரிமை உண்டு, அப்படித்தான் முந்தியிருப்பார்கள் என்று தானே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டாள். எதிரே உட்கார்ந்திருக்கும் அதிகாரியைக் கேட்டால் ஒரே வார்த்தையில் தெரிந்திருக்கும். ஆனால் வேலை பார்க்கும் இடத்தில் புருஷனுக்குச் சிபாரிசு தேடுகிறாள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்று அவள் கங்கணம் கட்டிக்கொண்டிருந்தாள். கேட்கவில்லை. அதற்குப் பதிலாக ஒரு காரியம் செய்தாள். தினமும் ஐந்தரைக்குக் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, கடைசியாகக் கணவரின் ஊழியர் எண்ணை அடித்து, என்டரைத் தட்டி, அவர் வரியைத் திறந்து பார்ப்பாள். பெயர், சேர்ந்த தேதி, ஒன்பது. பார்த்துவிட்டுத் திரையை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போவாள்.

மாதம் ஒருமுறை அவரும் மற்றவர்களைப் போல அலுவலகத்துக்குப் போன் செய்து நம்பர் கேட்பார். அந்தப் பேச்சைக் கேட்டால் சிரிப்பு வரும். "அணை நாலு, மதகு" என்பார் அவர். "சொல்லுங்க, சார்" என்பாள். "என் நம்பர் என்னாச்சுன்னு பார்க்கணும், மேடம்." "ஒன்பது, சார்." "நன்றி, மேடம்." எதிரே அதிகாரி இருக்கிறார், அங்கே அவர் பக்கத்திலும் யாராவது நிற்பார்கள். வேறு எப்படிப் பேசுவது? ராத்திரி வீட்டுப் போனில் பேசும்போதும் குழாய் ஒழுகுகிறது, மாடிக் கதவின் கீல் கழன்றுவிட்டது என்பதற்கு மேல் போகாது. மாடியில் குடியிருந்த நாத்தனார், அதாவது அவர் தங்கை, ஒருநாள் இதைக் கேட்டுவிட்டு, அண்ணி, நீங்க எங்கண்ணன்கிட்டப் பேசறீங்களா, பிளம்பர்கிட்டப் பேசறீங்களா என்று கேலி செய்தாள். நம்பரம்மா சிரித்துக்கொண்டு நகர்ந்துவிட்டாள். அன்று சமையலில் இரண்டு தடவை உப்புப் போட்டாள்.

போன முறை வந்தபோது அவர் மூன்றாம் நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கையில் பேச்சோடு பேச்சாக ஒன்று சொன்னார். அணையிலேயே நிரந்தரமாக இருந்துவிடுகிறவர்களுக்குத் தனி வீடு தருகிறார்களாம். முப்பதாம் தேதிக்குள் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுகிறேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். ஒருமுறை எடுத்துவிட்டால் மறுபடி சேர்க்க மாட்டார்கள். இந்த நம்பர் நகரப்போவதில்லை, பணி ஓய்வுக்கு இன்னும் ஆறு வருஷம் இருக்கிறது, கூட்டு அறையில் மூன்று பேரோடு படுத்து அலுத்துவிட்டது என்றார். சொல்லிவிட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தார் என்பது மாடியிலிருந்து எட்டிப் பார்த்திருந்தால் நாத்தனாருக்குக்கூடப் புரிந்திருக்கும். அவளுக்கோ, அவருக்கு அங்கே பிடித்துப்போய்விட்டது, இங்கே இழுத்துக்கொண்டு வர நமக்கென்ன உரிமை என்று தோன்றியது. "உங்க இஷ்டம்" என்றாள். அவர் இன்னொரு கரண்டி சோறு கேட்கவில்லை. கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டார்.

இருபத்தெட்டாம் தேதி காலை பத்தரைக்குத் தபால் பை வந்தது. அவள் வழக்கம்போல் ஒவ்வொன்றாகப் பிரித்து, முத்திரை குத்தி, வரவு எண் போட்டுப் பதிந்தாள். ஏழாவது உறையில் கணவரின் கையெழுத்து இருந்தது. எழுதிக் கொடுத்துவிட்டார். காத்திருப்போர் பட்டியலிலிருந்து என் பெயரை நீக்கிவிடும்படி வேண்டுகிறேன், நான்கே வரி. முத்திரையை நேராகத்தான் குத்தினாள். எண் போட்டாள், பதிந்தாள். அதிகாரியின் தட்டில் வைக்க வேண்டியதுதான் பாக்கி. அவர் கையெழுத்துப் போட்டால் பதினோரு வருஷக் காத்திருப்பு அத்தோடு முடிந்தது. மற்ற ஆறையும் வைத்துவிட்டு அதை மட்டும் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

அந்த நேரம் பார்த்து அதிகாரி ஏதோ அச்சுத் தாளைப் புரட்டிக்கொண்டே அவளிடம் ஓர் உதவி கேட்டார். ஊர் நீரேற்று நிலையத்தில் இரண்டு மாதமாக ஓர் இடம் காலியாக இருக்கிறதாம். ஒன்றாம் நம்பருக்கு ஆணை போடலாம் என்றால் அவருக்கு வருகிற பட்டியலில் ஒன்றாம் நம்பரே இல்லை, இரண்டிலிருந்துதான் தொடங்குகிறது. மூன்றாம் மாடிக்குக் குறிப்பு எழுதினார், பரிசீலனையில் உள்ளது என்று பதில் வந்திருக்கிறது. முப்பதாம் தேதி ஆணை போட்டே ஆக வேண்டும். அவள் மெஷினில் ஒன்றாம் நம்பர் யார் என்று பார்த்துச் சொல்ல முடியுமா என்றார்.

அவள் இதுவரை முழுப் பட்டியலையும் பார்த்ததில்லை. கேட்கிறவரின் வரியை மட்டும் எடுப்பாள், சொல்வாள், அடுத்தவருக்குப் போவாள். இப்போது அம்புக்குறியால் நம்பர் வரிசையின் தலைக்குப் போய் மேலிருந்து படித்தாள். இரண்டு. மூன்று. நான்கு. ஐந்து. ஆறு. ஏழு. எட்டு. ஒன்பது. ஒன்பது. பத்து. முதல் ஒன்பதில் தெரியாத ஒரு பெயர். இரண்டாவது ஒன்பதில் அவள் கணவர். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தாள். ஒன்று இல்லை, ஒன்பது மட்டும் இரண்டு. இருபத்தாறு வருஷ உத்தியோகத்தில் முதல் தடவையாக, அதிகாரியிடம் சொல்லிக்கொள்ளாமல் எழுந்து அறையை விட்டு வெளியே போனாள். கையில் கடிதம் அப்படியே இருந்தது.

மூன்றாம் மாடிக்காரர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு அவளோடு இறங்கி வந்தார். இரண்டு ஒன்பதையும் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார். எதை எதையோ தட்டிப் பார்த்துவிட்டு, சாயங்காலம் போகும்போது இதிலிருந்து எப்படி வெளியே வருவீர்கள் என்று கேட்டார். திரையை அணைத்துவிட்டுப் போவேன் என்றாள். அவர் சிரித்தார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். கீழேயே போட்டிருக்கிறதே என்று குனிந்தவர், சொத்து எண் பட்டையைக் கண்டார். நகத்தால் ஒரு முனையை நெம்பி அப்படியே உரித்து எடுத்தார். அவள் தடுக்கப் போனாள், அதற்குள் முடிந்துவிட்டது. பட்டைக்குக் கீழே வெள்ளை எழுத்தில் ஒரு வரி, இரண்டு வருஷம் இரண்டு மாதமாக யாரும் படிக்காமல் இருந்தது.

"மாசக் கடைசி நாள் விடிகாலைல நம்பரெல்லாம் தானா மாறிக்கும்மா" என்றார் அவர். "யாராவது திறந்து வச்சிருக்கிற வரியை மட்டும் தொடாது. ஒருத்தர் கையில இருக்கிறதைப் பிடுங்கக் கூடாதுன்னு நாங்கதான் அப்படிப் பண்ணி வச்சோம். அடுத்த வரியைத் திறந்தா பழசு தானா விட்டுடும். கடைசியாத் திறந்தது மட்டும் நீங்க வெளிய வர்ற வரைக்கும் உங்க பிடியிலயே இருக்கும்."

கடைசியாகத் திறப்பது யாருடைய வரி என்று அவர் கேட்கவில்லை. அவரே திரையில் பார்த்திருப்பார். எட்டு ஆணைகள் போயிருக்கின்றன, ஒன்பதில் இருந்தவர் இப்போது ஒன்றாம் நம்பர், வரியை விட்டுவிட்டால் முப்பதாம் தேதி விடிகாலையில் மெஷினே சரிசெய்துகொள்ளும் என்று மட்டும் சொன்னார். எஸ்கேப், க்யூ, ஒய். மூன்று விசைகளை ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டினார். அவள் தட்டினாள். மஞ்சள் வரி வெளுத்தது, பட்டியல் மறைந்தது, உறுதிதானா என்று ஒரு கேள்வி வந்து போயிற்று. கறுப்புத் திரையில் சின்னக் கோடு மட்டும் மினுங்கிக்கொண்டு நின்றது. மெஷின் வந்த நாளுக்குப் பிறகு அதை அவள் இப்போதுதான் பார்க்கிறாள்.

அவர் போன பிறகு அவளுக்குக் கோபம் வந்தது. மெஷின் மேல் வந்தது, பட்டை ஒட்டினவர்கள் மேல் வந்தது, யார் மேலும் நிற்காமல் கடைசியில் தன்னிடமே திரும்பி வந்தது. ஒரே ஒரு தடவை வாய் விட்டுக் கேட்டிருந்தால் இவ்வளவும் இல்லை. யாருக்கும் இடைஞ்சலாக இருக்கக் கூடாது என்று இருந்தவள், கட்டினவருக்கே இத்தனை நாள் குறுக்கே நின்றிருக்கிறாள்.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த அதிகாரி அவள் கையிலிருந்த கடிதத்தைப் பார்த்தார். பதிந்தாகிவிட்டதா என்று கேட்டார். பதிந்துவிட்டேன் என்றாள். பொய் சொல்ல அவளுக்கு வராது, சொல்லச் சொல்லிக் கேட்க அவருக்கும் வராது. பதிந்த கடிதத்தை நான் பார்க்காமல் விட முடியாது என்றார். முப்பதாம் தேதி மாலைக்குள் அதே கையெழுத்தில், பெயரை நீக்க வேண்டாம் என்று இன்னொரு கடிதம் வந்தால் இரண்டாவதைத்தான் எடுத்துக்கொள்வேன் என்றும் சொன்னார். தபால் பை அணையிலிருந்து வர நாலு நாள் ஆகும். அது அவருக்கும் தெரியும். நடுவில் இருந்த தொலைபேசியை அவள் பக்கமாக நகர்த்தி வைத்துவிட்டு ஒரு கோப்பை எடுத்துப் பிரித்துக்கொண்டார்.

அணையில் யாரோ எடுத்தார்கள். மதகில் இருக்கிறார், கூப்பிடுகிறேன் என்றார்கள். தூரத்தில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. பிறகு இரும்புப் படிகளில் செருப்புச் சத்தம்.

"அணை நாலு, மதகு" என்றார் கணவர்.

"நான்தான் பேசறேன்."

"சொல்லுங்க, மேடம்."

"மேடம் எல்லாம் வேண்டாம். நான்தான்."

அவள் நடந்ததை முதலிலிருந்து சொன்னாள். கோர்வையாக, குறிப்பு எழுதுவது போல, அட்டையில் இல்லாத வழியிலிருந்து உரித்தெடுத்த பட்டை வரைக்கும் சொன்னாள். பிறகு சொன்னாள்: "உங்க நம்பர் ஒன்பது இல்ல. ஒண்ணு. அது நகராம இருந்ததுக்கு நான்தான் காரணம். தினமும் கிளம்பும்போது உங்க வரியைத் திறந்து வச்சுட்டே போயிருக்கேன்."



"தினமும்னா?" என்றார்.

"ஆபீஸ் இருந்த நாளெல்லாம்."

"எதுக்கு?"

அதிகாரி ஒரு பக்கத்தைத் திருப்பினார். "பார்க்கத்தான்" என்றாள்.

"ஒன்பதுன்னுதான் தெரியுமே. அதுல பார்க்க என்ன இருக்கு?"

"உங்க பேர் இருக்கில்ல."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "எப்ப வருவீங்கன்னு நீ ஒரு தடவைகூடக் கேட்டதில்ல. அன்னிக்கும் உங்க இஷ்டம்னு சொல்லிட்ட. நான் இல்லாம உனக்குப் பழகிப்போச்சுன்னு நினைச்சுத்தான் எழுதிப் போட்டேன்."

"பழகல" என்றாள் அவள். "பதினோரு வருஷம் ஆச்சு, எனக்குப் பழகவே இல்ல."

அதிகாரி கோப்பைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்து, ஜன்னல் பக்கம் போய் வெளியே பார்த்தபடி நின்றார்.

கடிதம் இன்னும் அவள் கையில்தானே இருக்கிறது, கிழித்துப் போட்டுவிடு என்றார் கணவர். பதிவெண் போட்டாகிவிட்டது, கிழிக்கக் கூடாது என்றாள். இன்னொன்று எழுத வேண்டும், பையில் போட்டால் வந்து சேராது, முப்பதாம் தேதி மாலைக்குள் கையில் கொண்டுவந்து கொடுக்க வேண்டும் என்று விளக்கினாள். விடுப்புச் சொல்லாமல் மதகை விட்டு எப்படிக் கிளம்புவது, மேலதிகாரி என்ன சொல்வாரோ, பார்க்கலாம் என்று அவர் இழுத்தார். அந்த இழுப்பு அவளுக்கு நன்றாகத் தெரிந்த இழுப்பு. அவளும் அப்படித்தான் இத்தனை வருஷம் இழுத்திருந்தாள்.

"சொல்லிட்டுக் கிளம்பி வாங்க" என்றாள். "எனக்கு நீங்க இங்க வேணும்."

அவர் சரி என்றார். இரண்டரை மணிக்கு ஒரு பேருந்து இருப்பதாகவும் அதைப் பிடித்துவிடுவதாகவும் சொன்னார். போனை வைக்கப் போனவர் மறுபடி காதில் வைத்திருப்பார் போல, மூச்சுச் சத்தம் கேட்டது.

"துணிமணி எல்லாம் எடுத்துட்டு வரட்டுமா?"

ஆணை இன்னும் போடவில்லை. முப்பதாம் தேதி விடிகாலை இன்னும் வரவில்லை. நம்பருக்கு மேல் ஒரு சொல் சொல்லி யாருக்கும் ஆசை காட்டியறியாதவள் அவள்.

"முடிஞ்சதை எடுத்துட்டு வாங்க" என்றாள். "மிச்சத்தை அப்புறம் போய் எடுத்துக்கலாம்."